அளவான மருந்து

நான் ஒரு கடிதத்தைப் பொய்யாக வாசித்தேன். இறந்தவனின் மனைவிக்கும் அவனுடைய அண்ணனுக்கும் முன்னால், குரல் நடுங்காமல் வாசித்தேன்!

நீங்கள் என்னைப் பாவி என்று தீர்மானிக்குமுன் முழுவதையும் கேளுங்கள். கேட்டபின்னும் அந்தத் தீர்மானம் மாறாது... ஆனாலும் கேளுங்கள்.

சரவணைக் கிராமத்தில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஊரார் என்னைச் சட்டம்பியார் என்பார்கள். என்னிடம் ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. ஒருநாள் அதன் குழலின் அடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கொல்லரிடம் கொடுத்துப் பித்தளையால் அடைப்பித்து, மேலே மெருகும் போடுவித்தேன்.

"பார்வைக்குத்தான் சரி. இனி இதாலை சுடாதையுங்கோ" என்றார் அவர்.

அடுத்த மாதமே அதை நாகலிங்கத்துக்கு விற்றேன். வெடிப்பைப் பற்றி ஒரு சொல்... ஒரே ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நாகலிங்கம் தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்து நிரப்புவான். மார்கழியில் ஒரு காலை, மழைநீர் தேங்கிய தரவை வெளியில் இறங்கிய தாராக்களைச் சுட அவனுடைய தம்பி செல்லையா அந்தத் துவக்கைக் கொண்டுபோனான். முதல் வெடியிலேயே குழல் பிளந்தது. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில், மாட்டுவண்டிக்குள்ளேயே செல்லையா இறந்தான்.

மரண விசாரணையில் துவக்கு வியாபாரி ஒருவர் குழலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மருந்து கூடிவிட்டது என்றார். அவ்வளவுதான்! தம்பியைக் கொன்றவன் என்ற பெயர் நாகலிங்கத்துக்கு வந்தது. செல்லையாவின் மனைவி அன்னம்மா அவனோடு பேச்சை விட்டாள்.

அவன் என்னிடம்தான் வந்தான்.

"நான் அளந்துதான் போட்டனான், சட்டம்பியார். அந்த ஆள் துவக்கு விக்கிறவர். துவக்கிலை பிழை எண்டு சொல்லுவாரோ? ஒருத்தற்ரை பக்கமும் நிக்காத, இரும்பைப் பற்றித் தெரிஞ்ச ஒராள் பாக்கவேணும். நீங்கள்தான் இங்கிலீசிலை எழுதித் தரவேணும்."

மறுத்திருக்கலாமா? மறுத்தால் ஏன் என்று கேட்பானே... கொழும்பில் உலோகங்களைச் சோதிக்கும் பொறியியலாளர் ஒருவருக்கு எழுதினேன். குழலைச் சாக்கில் சுற்றி அனுப்பியதும் நானே. அவரும் மருந்தையே குறை சொல்வார் என்று நம்பினேன். நம்பினேனா, வேண்டிக்கொண்டேனா?

ஐந்தாம் வாரம் கடிதம் வந்தது. பழைய வெடிப்பு, பித்தளையால் மறைக்கப்பட்டது, அளவான மருந்துக்கே பிளந்திருக்கும், நிரப்பியவர்மீது குற்றம் இல்லை. குழல் தம்மிடமே இருப்பதாகவும், கேட்டால் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். எவ்வளவு தெளிவான எழுத்து!

தபால்காரர் சொல்லியறிந்து அன்று மாலையே நாகலிங்கம் வந்தான். அன்னம்மாவையும் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தான்.

"இவவுக்கு முன்னாலை வாசியுங்கோ" என்றான். அவன் முகத்தில்தான் என்ன நம்பிக்கை!

"மருந்து கூடினதாலைதான் பிளந்தது எண்டு எழுதியிருக்கிறார்" என்றேன்.

அன்னம்மா எழுந்து போய்விட்டாள். நாகலிங்கம் கதிரையிலேயே இருந்தான்.

"அப்ப... என்ரை கைதான் பிழைச்சிருக்கு" என்றான். எழுந்துகொண்டே, "உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன்" என்றான்.

கடிதத்தைக் குசினி அடுப்பில் போட்டேன்.

எதற்கு அஞ்சினேன்? மறியற்சாலைக்கா? வேலை போய்விடும் என்றா? அன்னம்மாவின் கண்களுக்கா? இன்றுவரை எனக்கே தெரியாது...

நாகலிங்கம் ஊரைவிட்டு நெடுந்தீவுக்குப் போய் மாடு மேய்த்தான். இரண்டு வருடம் தாங்கினேன். பிறகு கொழும்புக்கு எழுதினேன். அந்தப் பொறியியலாளர் நாட்டை விட்டே போய்விட்டார், குழலைப் பற்றி எவருக்கும் தெரியவில்லை. சான்று இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே! வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போனேன்.

"செல்லையாவைப் பற்றி..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம், சட்டம்பியார். அந்தக் கதை கேக்க எனக்கு ஏலாது" என்றான். பால் காய்ச்சித் தந்தான்.

குடித்துவிட்டுத் திரும்பினேன். வள்ளத்தில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி! அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

போன மாசியில் நாகலிங்கம் அங்கேயே இறந்தான். அன்னம்மா செத்தவீட்டுக்குப் போகவில்லை. சென்ற கிழமை வேலணைச் சந்தையில் என்னைக் கண்டு நின்றாள்.

"அண்டைக்கு நீங்கள் உள்ளதை வாசிச்சிராட்டி, நான் அந்த மனிசனை நம்பிக் கதைச்சிருப்பன்" என்றாள்.

நான் "ஓம்" என்றேன்.