பட்டியலில் இல்லாத மச்சாள்

போன கிழமை கண்டி டவுனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மண்சரிவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும் கூட்டம். பெரிய திரை, கலர் படங்கள், இடைவேளையில் தேநீரும் பட்டீசும்...

பேசியவர் ஓர் இளம் அதிகாரி. நல்ல சிங்களம், சுமாரான தமிழ். கடைசியில் அவர் சொன்ன ஒரு வரியை எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். "ஆபத்து நேரத்தில் சீருடைக்காரரைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம். நேராக அவரிடம் போங்கள்."

பின்வரிசையில் நாங்கள் தமிழர் நாலைந்து பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேனை மட்டும் ஓடவில்லை.

தப்பான அறிவுரையா? இல்லையே. நூற்றுக்கு நூறு சரி. அதுதானே குழப்பம்!

இப்போது சமாதானப் பேச்சு நடக்கிற காலம். சோதனைச் சாவடிகளில்கூட இரண்டொருவர் சிரிக்கிறார்கள். அந்தத் தைரியத்தில், ஏழெட்டு வருஷமாக வாய் திறக்காமல் வைத்திருந்த ஒரு கதையை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்களுக்கு ஹந்தானை மலைச் சரிவில் வாடகை வீடு. எனக்குக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். குசினிக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு மண்மேடு, அதன் மேலே இன்னொரு மேடு, அதற்கும் மேலே மலை. நானும் மனைவியும்தான் குடியிருந்தோம்.

அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் வந்து சேர்ந்தார். மனைவியின் மூத்த அக்கா. கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்கு விசாவுக்குக் காத்திருந்தார். வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்தோம். ஒரு கிழமை தந்தார்கள். விசா என்ன, ஒரு கிழமையில் வருகிற சாமானா? போய்க் கேட்டேன். இன்னொரு கிழமை தந்தார்கள். மூன்றாம் தரம் போகக் கால் பின்வாங்கியது. நாளைக்குப் போகலாம் என்றேன். அந்த நாளை ஒரு மாதமாகியும் வரவில்லை.

பதியாத ஆள் வீட்டில் இருந்தால், பிடிபடுவது அவர் மட்டுமல்ல. வைத்திருந்தவனும்தான். தெரிந்தும் கம்மென்று இருந்தேன். சோம்பலா, பயமா? இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் கிராம சேவகர் வந்தாள். இளம் பெண். ஒரு கையில் குடை, மறு கையில் படிவக்கட்டு. எங்கள் வீதி மண்சரிவு அபாயப் பகுதியாம். வீடு வீடாக விவரம் எடுக்கிறாளாம்.

"எத்தனை பேர்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"இரண்டு."

"யார் எந்த அறையில் படுக்கிறீர்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எதற்கு?" என்றேன்.

"மண் மூடினால் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரிய வேண்டுமே, மாத்தயா" என்றாள் அவள், வலு சாதாரணமாக.

எண்பத்து மூன்று கலவரத்தில் காடையர்கள் கையில் பட்டியலோடு வீடு தேடி வந்த கதையைக் கேட்டவர்கள் நாங்கள். காப்பாற்றும் பட்டியல் எது, பிடிக்கும் பட்டியல் எது? நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இரண்டிலும் கேள்வி ஒன்றுதான் — எத்தனை பேர், யார் யார், எந்த அறை?

"முன் அறையில் நானும் மனைவியும். வேறு ஒருவரும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன்.

அவள் போன பிறகு குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து மச்சாள் வெளியே வந்தார்.

"அப்ப என்னை ஒருத்தரும் தோண்டமாட்டினமோ தம்பி?" என்றார்.

சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை.

மழை தொடங்கியது. நாலு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிறோம், வீதி முனையில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கிற சத்தம். எல்லோரும் வீட்டை விட்டுக் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். குசினித் தரையைப் பார்த்தேன். சுவரோரமாகச் செம்மண் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"அக்கா, வெளிக்கிடுங்கோ!" என்றாள் மனைவி.

"பள்ளிக்கூடத்தில ஆர் நிக்கினம்?"

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். "பொலிசும் ஆமியும் நிக்கினம் மச்சாள்."

மச்சாள் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "மலை விழுமோ விழாதோ, ஆருக்கும் தெரியாது. பொலிஸ் பிடிக்கும் எண்டது எனக்கு வடிவாத் தெரியும். நீங்கள் போங்கோ."

கெஞ்சினோம். அசையவில்லை. கடைசியில் நான் ஒரு திட்டம் போட்டேன். நாங்கள் இருவரும் போய்ப் பெயரைக் கொடுப்பது. பிறகு நான் மெதுவாகத் திரும்பி வந்து, மச்சாளைப் பின் ஒழுங்கையால் தெரிந்த வீடொன்றுக்குக் கூட்டிப்போவது. என் மூளையைப் பற்றி எனக்கு எப்போதுமே கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம்!

பள்ளிக்கூட வாசலில் அதே கிராம சேவகர் பட்டியலோடு நின்றாள். பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். எங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "இரண்டு பேர். அந்த வீடு முடிந்தது" என்று சரி போட்டாள். நாங்கள்தான் கடைசி வீடு. உடனே சிப்பாய் ஒருவன் வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டினான். இனி யாரும் மேலே போகக் கூடாதாம்.

என் திட்டம் அதோடு சரி.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொன்னால் மச்சாளும் நானும் உள்ளே. சொல்லாவிட்டால்... அந்த வீட்டில் ஆளே இல்லை என்று நானே கையெழுத்து வைத்திருக்கிறேன். மண் மூடினாலும் ஒருவரும் தோண்ட வரமாட்டார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு மரம்போல நின்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

என் மனைவிக்குச் சிங்களம் வராது. கடையில் சாமான் வாங்குவதற்கு எண்கள் மட்டும் தெரியும். அவள் கிராம சேவகரின் பட்டியலில் விரலை வைத்தாள். "தெக்க நெவெய்" என்றாள், இரண்டு இல்லை என்று. பிறகு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். "துனய்! துனய்!"

கிராம சேவகர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மூன்றாவது ஆள் யார் என்று சார்ஜன்ட் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. இரண்டு சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஓடினார். பின்னால் நான்.

வீட்டில் கதிரை வெறுமையாகக் கிடந்தது. சப்பாத்துச் சத்தம் கேட்டிருக்கும். மச்சாள் ஒளித்துவிட்டார்.

"அம்மே, எளியட்ட என்ன!" என்று சிப்பாய்கள் கத்தினார்கள். வெளியே வா என்கிறார்கள், பாவம். கத்தக் கத்த மச்சாள் இன்னும் உள்ளுக்குள் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டேன். "மச்சாள், நான்தான். இவை ஒண்டும் செய்யாயினம். பயப்பிடாமல் வாங்கோ."

கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பிடிபட்டவனை முன்னே விட்டு, அவன் வாயாலேயே மற்றவர்களைக் கூப்பிட வைப்பார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் எவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறேனோ, அவ்வளவு சந்தேகம் அவருக்கு!

மேட்டிலிருந்து கற்கள் உருண்டன. சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு நிமிஷம். பிறகு எல்லோரும் கீழே" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்தில் வந்த கோபம்.

"சரி, கிடவுங்கோ! நல்லாக் கிடவுங்கோ! ஒரு மாசமா உங்கட புட்டைத் திண்டு என்ர பல்லெல்லாம் ஆட்டம் கண்டு போச்சு. கல்லுப் புட்டு! கனடாவில மகன் என்னண்டு திங்கப் போறானோ!"

விறகுக் கொட்டிலில் ஏதோ சரிந்தது.

"ஆற்ற புட்டு? என்ர புட்டோ?"

தலையெல்லாம் மரத்தூளோடு மச்சாள் வெளியே வந்தார். எங்கே ஒளித்திருந்தார் தெரியுமா? மேட்டுக்கு நேர் கீழே.

ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. சார்ஜன்ட் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார். பள்ளிக்கூடத்தில் சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். "முதுகில துவக்கை வைச்சு மிரட்டினா ஒருத்தன் புட்டுக்குக் குறை சொல்லுவானே? அதுதான் நம்பி வந்தனான்" என்றார் மச்சாள். அவர் அந்தக் கோப்பையைக் குடித்து முடிக்கவில்லை, மேடு இறங்கியது. விறகுக் கொட்டிலும் பாதிக் குசினியும் போயின.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுநாள் காலையில் ஆள் அனுப்பிப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே சார்ஜன்ட். பதியாமல் ஏன் தங்கினீர்கள் என்று கேட்டு எழுதினார். எச்சரித்தார். புதிதாக ஒரு மாதம் பதிந்தும் கொடுத்தார். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு, மனத்தாங்கலோடு கேட்டார். "காப்பாற்றத்தானே வந்தோம்? அவ்வளவு கத்தினோமே. அம்மா ஏன் ஒளித்தார்?"

நான் மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன். மச்சாள் அவருடைய கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"காப்பாத்த வாற சப்பாத்தும் பிடிக்க வாற சப்பாத்தும் ஒரே சத்தம்தானே மோனை. நான் என்னண்டு கண்டுபிடிக்கிறது?"

சார்ஜன்ட் என் முகத்தைப் பார்த்தார். சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் நான்.

"அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சேர்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகு, மச்சாள் கனடா போகும் வரைக்கும், வீதியில் கண்ட இடத்தில் எல்லாம் பக்கத்தில் வந்து குனிந்து, காதுக்குள் உரக்கக் கத்திச் சுகம் விசாரிப்பார் அந்த நல்ல மனுஷன்.

ஒவ்வொரு தரமும் மச்சாள் நடுங்கிப்போவார்.