ஆறடி உயரத்து ஜன்னல்

அப்பா கட்டடக் கலைஞர். முப்பது வருஷம் அருங்காட்சியகங்களும் ஏழைகளுக்கான அரசு அடுக்குமாடிகளும் வரைந்தவர். ஓவியங்களுக்கு வெளிச்சம் மேலிருந்து விழ வேண்டும் என்பார். மனிதர்களுக்கும் அதுவே போதுமென்று அப்படி வரைந்த ஒரு குடியிருப்பிலும் ஜன்னலை ஆறடி உயரத்தில் வைத்தார். தெருவே தெரியவில்லை என்று குடிவந்தவர்கள் புலம்பியது அவர் காதில் ஏறவில்லை. யாரும் ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாதென்று நாயாய் அலைந்து, அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்.

விதியைப் பாருங்கள், எனக்கு அங்கேதான் வீடு கிடைத்தது. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபின் அப்பாவும் என்னோடு வந்துவிட்டார். பத்தாம் நாளே, "மூச்சு முட்டுதும்மா, ஜன்னலைக் கொஞ்சம் கீழ இறக்கச் சொல்லு" என்றார்.

அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். 'வடிவமைத்தவரின் நோக்கத்துக்கு முரணானது' என்று மறுத்துவிட்டார்கள்.

"வடிவமைச்சவனே நான்தானேடி!" என்று கத்தினார்.

"அந்த நோக்கத்தை எழுதிக் குடுத்ததும் நீங்கதானே?"

நான் ஸ்டூலில் ஏறி, தெருவில் யார் போகிறார்கள் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தினமும் இப்படித்தான் ஏறி நிக்கிறியா?"

"எல்லா வீட்லயும் இப்படித்தான்ப்பா. ஸ்டூல் உங்க பிளான்ல மட்டும்தான் இல்ல."