செபமாலை அண்ணையின் துரியன் மரம்

செபமாலை அண்ணை இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் மொன்றியலை ஒட்டிய லவாலில் ஒரு கடையில் பனிக்காலச் சப்பாத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைத் தாதி பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். அவசரத்துக்கு அழைக்க என்று அண்ணை என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தாராம். 'மெர்சி' என்று சொல்லிவிட்டு ஒற்றைக் காலில் சப்பாத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் வந்தது. அஞ்சலி எழுதுகிறவர்கள் வழக்கமாக மறைக்கும் சங்கதி அது. 'அந்த மரம் இனி யாருக்கு?' என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

உங்களில் பலர் அவரை மாதா கோயிலில் கண்டிருப்பீர்கள். பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அந்த நெட்டை மனிதர். மன்னார்க்காரர், கல்யாணம் செய்யாதவர், மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தவர். நானும் அவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் வேலை செய்தோம். கிராமங்களில் காணி யார் கையில் இருக்கிறது, எப்படிக் கை மாறுகிறது என்பதுதான் எங்கள் படிப்பு. அதற்காக இருவரும் இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவின் மலைச்சரிவில் இருக்கும் ஒரே கிராமத்துக்குப் போனோம். முதலில் போனவள் நான். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த ஊரின் வழக்கத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். பள்ளத்தில் இருக்கும் நெல்வயல்கள் குடும்பங்களுக்குச் சொந்தம். மேட்டு நிலத்தை யாரும் கேட்டு வாங்கிச் சோளமோ மிளகாயோ போடலாம். அறுவடை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் இரவல் நிலத்தில் மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் நட்டவருக்கே சொந்தம், அவருக்குப் பிறகு அவருடைய ஆட்களுக்கு. அது நிற்கும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பு என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. அதனால் ஒரு கொக்கோக் கன்றை ஊன்றினாலே, 'இந்தக் காணி இனி என்னுடையது' என்று ஊரைக் கூட்டிச் சொன்னதற்குச் சமம். இதையெல்லாம் நான் போவதற்கு முன்பே படித்திருந்தேன். ரம்லா அக்கா என்ற பெண் தன் வீட்டில் எனக்கு ஓர் அறையும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமும் தந்தபோது, கத்தரியும் மிளகாயும் மட்டும் வைத்தேன். அருமையான விருந்தாளி என்று ஊர் என்னை மெச்சியது.

அடுத்த முறை நான் போனபோது என் அறையில் செபமாலை அண்ணை இருந்தார். எனக்கு ஊர்த்தலைவர் வீட்டில் இடம் போட்டிருந்தார்கள். வயிறு எரிந்தது. அண்ணை படித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை, போய்விட்டுப் படிக்கிற ஆள். ரம்லா அக்கா ஒருநாள் துரியன் பழம் வெட்டிக் கொடுத்திருக்கிறார். முள்ளும் நாற்றமுமாக இருக்கும் அந்தப் பழத்தை ருசித்துத் தின்றுவிட்டு, நம் ஊரில் மாங்கொட்டையைப் புதைப்பதுபோல விதையைப் பின்வளவில் புதைத்துவிட்டார். அது முளைத்ததும் ஆசை ஆசையாக மூங்கில் வேலி வேறு கட்டினார். வேலியைக் கண்ட ரம்லா அக்காவின் மைத்துனர் கொதித்துப்போனார். வெளிநாட்டான் காணி பிடிக்கிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முற்றத்தில் கூட்டம் கூடியது.

இன்றோடு ஆள் மூட்டை கட்டுவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அண்ணை எழுந்து, தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தோனேசிய மொழியில் பேசினார். "எங்கடை ஊரிலையும் காணி ஒருத்தன்ரை, அதிலை நிக்கிற பனை இன்னொருத்தன்ரை எண்டு வழக்கம் இருக்கு. எனக்கு இது தெரிஞ்சிருக்க வேணும். பிழை என்ரை. இப்பவே பிடுங்குறன்" என்பதுதான் அதன் பொருள். குனிந்து கன்றில் கையும் வைத்துவிட்டார். ரம்லா அக்கா ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். முளைத்ததைச் சண்டைக்காகப் பிடுங்கக் கூடாது, நிலம் தன்னுடையது, மரம் அவருடையது, விழுகிற பழத்தை யார் கண்டாலும் எடுக்கலாம் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். பழத்துக்குத் தடையில்லை என்றதும் மைத்துனரும் அடங்கிவிட்டார். ஊரும் ஒப்புக்கொண்டது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த நான் விருந்தாளியாகவே இருந்தேன். பிழை செய்த மனிதர் ஊருக்குள் மரமுள்ள ஆளாகிவிட்டார். வாய்க்கால் துப்புரவு செய்யும் நாளில் அவரை வாசலில் நின்று கூப்பிட்டார்கள். வராவிட்டால் ஏசினார்கள். எனக்கோ நல்ல பாயும் மீனின் நடுத்துண்டும் தந்து, "நீங்கள் இருங்கோ" என்றார்கள். ஒருநாள் மண்வெட்டியோடு நானும் போய் நின்றேன். அன்பாகச் சிரித்து நிழலில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மண்வெட்டியால் துரியன் கன்றை ஒரே வெட்டாக வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகு மொன்றியலில் நான் அந்த ஊரின் சொத்துரிமை பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். நல்ல புத்தகம் என்று சொன்னார்கள். அண்ணை பெரிதாக எதுவும் எழுதவில்லை. ஆனால் துறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் அவருடைய கதவைத்தான் தட்டினார்கள். சென்னையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் என்னைத் தாண்டிப் போய், "சார், உங்க மரம் காய்ச்சிடுச்சா சார்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. என் புத்தகம் அவன் கையிலேயே இருந்தது.

மரம் முதல் தடவை காய்த்ததாக ரம்லா அக்கா படம் அனுப்பிய அன்று, அண்ணை ஒரு கடையில் உறையவைத்த துரியன் வாங்கி வந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் கேக் செய்து கொண்டுபோனேன். பழம் இளகி நாறத் தொடங்கியதும், எரிவாயு கசிகிறது என்று பக்கத்து வீட்டார் அறிவிக்க, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அண்ணை கதவைத் திறந்து, "போன்ஜூர், வாங்கோ, வாங்கோ" என்று அவர்களை உள்ளே அழைத்து ஆளுக்கொரு சுளை நீட்டினார். ஒருவர் தின்றும் பார்த்தார். அன்று அந்தக் கட்டடமே அவருக்குச் சிநேகிதமாகிவிட்டது. என் கேக்கில் ஒரு துண்டும் குறையவில்லை. திரும்பி மெட்ரோவில் வரும்போது மடியில் கேக்கோடு அழுதேன்.

அவருக்கு நோய் முற்றியபோது கூட யார் இருப்பது என்ற கேள்வி வந்தது. அவருடைய அண்ணன் மகனுக்கு டோர்வலில் விமான நிலையத்தில் வேலை, இரவும் பகலும் மாறி மாறி வரும் முறை, பாவம். நான்தான் லவாலிலிருந்து போனேன். கஞ்சி கொண்டுபோனேன், உடுப்புத் தோய்த்தேன், பேருந்தில் கைத்தாங்கலாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் அவர் தொலைபேசியில் ரம்லா அக்காவோடு மரத்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருப்பார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தோடம்பழம் உரிப்பேன். ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளை, நீ பொறாமையிலைதான் வாறாய்."

"ஓம், அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்டுமில்லை. பாசத்திலை வாறவை பிந்தி வருவினம். நீ நேரத்துக்கு வந்திடுவாய்."

என்னை இவ்வளவு சரியாக வேறு யாரும் பார்த்ததில்லை. அந்தக் கோபத்திலும் அடுத்த நாள் நேரத்துக்கே போனேன்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ரம்லா அக்கா வீடியோவில் அழைத்தார். அவர் பேசுவது என் காதில் எங்கள் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன். இருவரும் அழுது முடித்த பிறகு, "தங்கச்சி, மரம் ஆருக்கு எண்டு ஊரிலை கேக்கினம்" என்றார். எனக்கு அதன் மேல் ஆசைதான். ஆனாலும் இரத்த உரிமை அண்ணன் மகனுடையது. அவனுடைய பெயரைச் சொன்னேன்.

"அவனோ கடைசியிலை சாப்பாடு குடுத்தது?"

"இல்லை அக்கா. நான்தான்."

"உடுப்புத் தோய்ச்சது?"

"அதுவும் நான்தான்."

"பிறகென்ன? பிள்ளை குட்டி இல்லாத ஆளின்ரை மரம், கடைசியிலை பாத்த ஆளுக்குத்தானே. உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாதா? என் புத்தகத்தில் அந்த வழக்கத்துக்கு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஊர்ச் சனத்துக்கு உரியது என்று எழுதினேனே தவிர, எனக்கும் அது பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அண்ணன் மகனுக்குச் சொன்னபோது, "அன்ரி, நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு அந்த மணமே ஒத்துவராது" என்றான்.

மரம் எனக்கு வந்துவிட்டது. இத்தனை காலம் வயிறெரிந்தது இதற்குத்தான். அடங்க மாட்டாமல் ரம்லா அக்காவை மறுபடி வீடியோவில் அழைத்து ஒன்று கேட்டேன்: "அப்ப இனி அதை என்ரை பேரிலை சொல்லுவினமோ?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மரம் உன்ரை. பேர் நட்ட ஆளின்ரை. நீ செத்தாலும் அது செபமாலையின்ரை மரம்தான்."

அழைப்பு முடிந்ததும், இதைச் சொல்லி வெறுப்பேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் அண்ணையின் இலக்கத்தை அழுத்திவிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் போய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது. என்னிடம் இப்போது அவருடைய மரம் இருக்கிறது. காய்க்கும் பருவத்தில் போவேன். வழி கேட்டால், செபமாலையின் மரத்தடிக்குப் போகிறேன் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். அண்ணை, அதைக் காட்ட இனி எனக்கு நீங்கள் இல்லை.