அத்தா ஊர் சுற்றிப் பார்த்த நாள்

நான் வேலைக்குப் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிரே சாலை வட்டமடித்துப் பிரிகிறது. அங்கே நிற்கும் வழிகாட்டிப் பலகையில் அம்புக்குறி போட்டு ‘மதினா’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னோர் அம்புக்குறி, ‘ரபாத்’. மால்டாவுக்கு வந்த முதல் வாரத்தில் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் என் பஸ் போய்விட்டது. பலகைக்குப் பின்னால் தெரிந்ததோ மாதா கோயில் கோபுரம். மணமேல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மதினா என்றால் உலகத்தில் ஒரே ஊர்தான். அன்று அம்மாவிடம் போனில், மதினா போகிற ரோட்டில்தான் தினமும் நிற்கிறேன் என்றேன். அம்மா உடனே, தலையில் முக்காடு ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டார்.

மத்தியதரைக் கடலில் இத்தாலிக்குக் கீழே கிடக்கிற சின்னத் தீவு இது. எந்தக் காலத்திலோ அரபிகள் ஆண்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆட்கள் போய்விட்டாலும் பேச்சு தங்கிவிட்டது. ஊரெல்லாம் கத்தோலிக்கர்கள். நான் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். அங்கே கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிற கிழவிகள், முட்டி வலித்தால் ‘அல்லா’ என்கிறார்கள். அவர்களுடைய தவக்காலத்துக்குப் பெயர் ‘ரந்தான்’. நம் ரமலானை யாரோ அவசரமாகச் சொன்னது போலிருக்கும். முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு பழகிவிட்டது. வெளிநாட்டில் ஆச்சரியங்களுக்கு ஆயுள் குறைவு.

பலகையைத் தினமும் பார்த்தேனே தவிர, அம்புக்குறி காட்டிய பக்கம் இரண்டு வருடங்களாக நான் போகவே இல்லை. பிழைக்க வந்தவர்களுக்கு இது புரியும். லீவு நாளில் தூங்குவோம், துணி துவைப்போம், வாரத்துக்கான குழம்பை வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்குவோம், ஊருக்குப் போன் பேசுவோம். இந்தத் தீவைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்துபோவதுதான் எங்கள் பழக்கம். போன ஏப்ரலில் என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, வந்திருக்காவிட்டால் இன்றுவரைக்கும் அப்படியேதான் இருந்திருப்பேன்.

என் அத்தா சவூதியில், தம்மாம் பக்கத்தில், ஒரு ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவர். விடிவதற்கு முன்னால் அடுப்பிலிருந்து இறங்கும் குப்பூஸை ஏற்றிக்கொண்டு கடைகளுக்கும் வீடுகளுக்கும் போட்டுவிட்டு வருவது வேலை. அங்கே இருந்த இருபது வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில், கம்பெனி ஆட்களோடு ஒருமுறை மக்காவுக்கு உம்ரா போனதைத் தவிர அவர் எந்த இடத்தையும் பார்த்ததில்லை. லீவில் வந்தாலும் அப்படித்தான். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி வீட்டுக்கு வந்த மறுநாளே கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்க்க ஏணியோடு ஏறிவிடுவார். எங்கள் பள்ளியில் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போனார்கள். குகைக்கூரையில் வரைந்திருந்த தாமரைக்குளத்தை நான் வந்து விவரித்ததைக் கேட்டு, அடுத்த லீவில் எல்லோரும் போகலாம் என்றார். அடுத்த லீவில் ஒரு கல்யாணம் வந்தது, அதற்கடுத்த லீவில் ஒரு மவுத்து, சொந்தத்தில் சாவு. அதோடு நின்றுபோனது.

இப்போது அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லித்தான் மால்டாவுக்கு விசா வாங்கினார். ஆனால் அம்மா அவரிடம் வேறொரு வேலையும் கொடுத்தனுப்பியிருந்தார். அறந்தாங்கியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையின் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். “புள்ளையக் கையோட கூட்டிட்டு வாங்க” என்பதுதான் அம்மா சொல்லியனுப்பியது. தங்கை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எனக்கோ இல்லத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட எனக்கு ஆசை. அத்தா வந்து ஒரு வாரமாகியும் அவர் அதைப் பேசவில்லை, நானும் இதைப் பேசவில்லை. காலையில் ஒன்றாக டீ குடிப்போம். இங்கத்துத் தக்காளி எவ்வளவு சிவப்பு என்பதைப் பற்றிப் பேசுவோம்.

எனக்கு லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, மதினாவுக்குப் போகலாம் என்றேன். அத்தா தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, அத்தர் தடவிக்கொண்டு கிளம்பினார். அந்த மதினா இல்லை என்பது அவருக்குத் தெரியும். “பேரு அதானே, இருக்கட்டும்” என்றார்.

குன்றின் உச்சியில் மதில் சூழ்ந்த பழைய நகரம் அது. இந்த ஊர்க்காரர்கள் ‘இம்தினா’ என்கிறார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வாசல் பாலத்துக்கு முன்னால் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. அத்தா ஒரு வண்டிக்காரரிடம் போய், சவூதியில் கேட்டுப் பழகிய வாயோடு, “கம்?” என்றார். எவ்வளவு என்று அர்த்தம். மால்டாக்காரர்களுக்கும் அது ‘கெம்’தான். வண்டிக்காரர் தன் மொழியிலேயே விலையைச் சொன்னார். அத்தா இரண்டடி பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். “வெள்ளக்காரன் அரபில வெல சொல்றாம்மா” என்றார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பு சாயங்காலம்வரைக்கும் இறங்கவில்லை.

உள்ளே தெருக்கள் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் அளவுக்குக் குறுகலானவை. தேன் நிறக் கல்லில் எழும்பிய சுவர்கள், அவற்றின் மேல் அடர்ந்து தொங்கும் ஊதாப்பூக்கள். எதிரிகளின் அம்பு நேராகப் பாயக்கூடாது என்று தெருக்களை வளைத்து வளைத்துக் கட்டினார்களாம். அத்தா முதலில் சரக்கு இறக்கப் போகிறவரைப்போல விறுவிறுவென்று நடந்தார். மெதுவாக வாங்கத்தா, நமக்கு இன்றைக்கு ஒரு வேலையும் இல்லை என்று இரண்டு மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார். ஒவ்வொரு வீட்டு வாசலையும் நின்று பார்த்தார். “நான் எந்த ஊர்லயும் பின்வாசலத்தான் பாத்துருக்கேன். முன்வாசல்லாம் இம்புட்டு அழகா வைப்பாகளா?” என்று கேட்டார்.

மதில்மேல் ஒரு திறந்த சதுக்கம் இருக்கிறது. அங்கே நின்றால் பாதித் தீவு காலடியில் கிடக்கும். பச்சை வயல்கள், கல்வேலிகள், ஒரு பெரிய கோயிலின் உருண்டைக் கூரை, எல்லாவற்றுக்கும் அப்பால் நீலமாகக் கடல். எங்கள் ஊர்க் கடல் கலங்கல் பழுப்பு, அலை அதிகம் எழும்பாது. இடுப்பளவுத் தண்ணீரில் நெடுந்தூரம் நடந்து போகலாம். இந்தக் கடலோ கரையிலேயே ஆழம். அத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, மீன் இங்கே குறைவாகத்தான் இருக்கும், தண்ணீர் ரொம்பச் சுத்தம் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு, ஊருக்குப் போனதும் அம்மாவைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றார். ஊருக்குப் போனதும் என்ற சொல்லுக்குப் பிறகு இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதிலுக்கு வெளியே வந்தால் ரபாத். அதுவும் பழைய ஊர்தான், ஆனால் அங்கே நிறைய வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு சந்தில் பச்சைக் கதவொன்றில் தட்டுவதற்குப் பித்தளையில் டால்பின் செய்து மாட்டியிருந்தார்கள். எங்கள் கடற்கரையில் ஓங்கல் என்போம். “அச்சு அசல் ஓங்கல் மாதிரியே இருக்கு” என்று அத்தா அதன் எடையைப் பார்க்கத் தூக்கினார். அது கையைவிட்டு நழுவி ‘டங்’கென்று கதவில் விழுந்தது. சந்து முழுவதும் எதிரொலித்தது. உள்ளேயிருந்து ஒரு முதியவரின் குரல், “மின் ஹு?” என்று கேட்டது. யாரது என்று அர்த்தம். அரபியிலும் ‘மின்’ என்றால் யார்தான். அத்தா யோசிக்கவே இல்லை. எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்று பழகிய வாய் தானாகவே பதில் சொல்லிவிட்டது.

“குப்பூஸ்!”

ஓடிவிடலாம் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது. வீட்டுச் செருப்போடு ஒரு கிழவர். மால்டாவில் ரொட்டிக்கு ‘ஹொப்ஸ்’ என்று பெயர். இன்னமும் வேனில் தெருத்தெருவாக வந்து ரொட்டி கொடுக்கிறார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது. அவர் அத்தாவின் வெறுங்கைகளைப் பார்த்தார், வேனைத் தேடித் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, என் தகப்பனார் சவூதியில் ரொட்டி வேன் ஓட்டியவர், பழக்க தோஷம் என்று விளக்கினேன். கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். ரொட்டிக்காரர் ரொட்டி கொண்டுவராவிட்டால் பரவாயில்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது, உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றார்.

அவர் பெயர் சால்வு. மனைவி கார்மெனா. நடுமுற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் எங்களை உட்கார வைத்தார்கள். கார்மெனா தடித்த ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூரை மீனை உதிர்த்துப் போட்டுக் கொண்டுவந்தார். எண்ணெயைக் காட்டி ‘ஸெய்த்’ என்றார். அத்தா “ஜைத், ஜைத்” என்று தலையாட்டினார். அப்புறம் இரண்டு பேரும் முற்றத்தில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லி ஒத்துப்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பொருந்தும் போதெல்லாம் இருவரும் கைதட்டினார்கள். கார்மெனா என் கன்னத்தைத் தொட்டு, “சபீஹா, சபீஹா” என்றார். அழகி என்று அர்த்தம், இல்லத்துக் கிழவிகள் சொல்லி எனக்குத் தெரியும். அத்தாவோ அது அரபிக் காலை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் மிக மரியாதையாக “சபாஹுன்னூர்” என்று பதில் வணக்கம் சொன்னார். எனக்குப் புரையேறிவிட்டது.

டீ வந்தபோது சால்வு என்னைக் காட்டினார். பிறகு கையை விமானம்போல உயர்த்தி, இவளையும் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று அத்தாவிடம் சைகையில் கேட்டார். என் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அத்தா டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் புரியாது என்று நினைத்தாரோ, அல்லது புரியட்டும் என்றுதானோ, சவூதியில் வேலையாட்கள் பேசுகிற அந்த உடைந்த அரபியில் சொன்னார்:

“லா. பின்த்தி ஹினா. அனா ரூஹ்.”

கல்ஃப்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அளவு அரபி தெரியும். இல்லை. என் மகள் இங்கே. நான் போகிறேன். ஒரு வாரமாக என்னிடம் சொல்லாததை, பார்த்து ஒரு மணி நேரமான மனிதரிடம் அவர் சொல்லிவிட்டார்.

ஆனால் சால்வுவின் முகம் வேறு மாதிரி இளகியது. மனைவியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கார்மெனா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிறகு சால்வு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், உன் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா, நீ அவருடைய உயிர் என்கிறார் என்றார். மால்டா மொழியில் ‘ரூஹ்’ என்றால் உயிர், ஆன்மா. எங்கள் வீடுகளிலும் அதுதானே, ஒருவர் இறந்தால் ரூஹ் பிரிந்தது என்றுதானே சொல்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அத்தாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

“நான் போறேன்னுதானேம்மா சொன்னேன்” என்றார் அத்தா. கிழவரையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார். “இருக்கட்டும் விடு. அதுவும் சரிதான். திருத்த வேணாம்.”

பேச்சு நீண்டு சாயங்காலம் விடைபெறும்போது கார்மெனா ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, மறுபடியும் வரவேண்டும், ‘யெக் அல்லா யிரித்’ என்றார். அல்லா நாடினால். அவர் தலைக்கு மேல் சுவரில் சிலுவை இருந்தது. அத்தா சிலுவையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், “இன்ஷா அல்லாஹ்” என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவர் தமிழில் பேசினார். அம்மா சொன்னதைச் சொல்லத்தான் வந்தாராம். இல்லத்துக்கு என்னை அழைக்க வந்த அன்று, ஒரு கிழவி என் கையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அன்றையிலிருந்து வாய் வரவில்லையாம். “அங்க கதவத் தட்டுவேன், குப்பூஸக் குடுப்பேன், அடுத்த வீட்டுக்குப் போயிருவேன். அவுகளும் நல்லவுகதான். எனக்கும் நேரமில்ல, அவுகளுக்கும் நேரமில்ல. உள்ள வந்து உக்காருன்னு இன்னைக்குத்தான் ஒருத்தன் சொல்லிருக்கான். ஒன்னைய உக்கார வைக்கிற ஊரா இருந்தா நீ இரும்மா.”

இந்த ஊரில் எனக்கும் இதுதான் முதல் வீடு அத்தா, இரண்டு வருடமாக யாரும் கூப்பிடவில்லை என்றேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். “அப்ப இனிமே நீயே தட்டு” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா வீடியோவில் வந்தார். ஊரில் அப்போது இரவு பத்து மணி தாண்டியிருந்தது, சமையலறை டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அத்தா, வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். “எந்த வீட்டுக்கு?” என்றார் அம்மா. அத்தா என்னைப் பார்த்தார்.

“இவ வீட்டுக்குத்தான்” என்றார் கடைசியில். “புள்ள இங்க இருக்கட்டும். நான் வாரேன்.”

அம்மா, அறந்தாங்கிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்றார் அத்தா. பிறகு அம்மா, கோபம் தீராத குரலில், அங்கே நல்ல அரிசி கிடைக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கிடைக்கிறது என்றேன். “எங்க, அந்த ஊரக் காட்டு பாப்போம்” என்றார்.

நான் போனை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. திரையின் ஒளி கண்ணாடியில் பட்டு, எங்கள் சமையலறை அதில் தெரிந்தது. அலமாரியில் கவிழ்த்திருந்த சில்வர் டம்ளர்கள், அவற்றுக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த அம்மா, அம்மாவின் ஊடாக ஓடிக்கொண்டிருந்த மால்டாவின் கல்வேலிகள், கடல். அது என்ன கட்டடம், அது என்ன மரம் என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். அத்தா எல்லாம் தெரிந்தவரைப்போலப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனதை மூன்று பேருமே கவனிக்கவில்லை.