சபை நாற்காலியும் அம்மாவின் ஸ்கூட்டரும்

எங்கள் சபையில் நாற்காலியின் அடிப்பக்கத்தை ஆராய்ந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெபம் நடக்கும்போது எல்லோரையும்விடத் தாழக் குனிந்திருந்தேன். பிள்ளைக்கு என்ன பக்தி என்று யாராவது நினைத்திருந்தால் அது என் குற்றமில்லை.

காரணம் அம்மாவின் ஸ்கூட்டர். அம்மா கொட்டாரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். மஸ்கட்டில் இருந்த அப்பா, அம்மா வெகுநாள் கெஞ்சிய பிறகு சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: ஒரு தடவை விழுந்தாலும் வண்டி சித்தப்பாவுக்கு. அப்பா சொன்னால் சொன்னதுதான். சித்தப்பாவும் அவ்வப்போது வந்து டயரை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்.

அம்மா விழுந்தாள். கால்வாய்க்கரை வளைவில் வீடு கட்ட யாரோ கொட்டியிருந்த மணல் சறுக்கிவிட்டது. பின்னால் இருந்த நான் புல்லில் போய் விழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கை உரிந்தது. வண்டியின் முன் பேனல் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிப் பிளந்துவிட்டது. அம்மா எழுந்து முதலில் என்னைத் தடவிப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அப்பாகிட்ட சொல்லாண்டாம், கேட்டியா மக்கா?" என்றாள்.

அடுத்த மாதம் அப்பா லீவில் வருகிறார். ஒர்க்ஷாப்பில் விட்டால் சித்தப்பாவின் காதுக்கு எட்டாமல் இருக்காது. ஆகவே வீட்டிலேயே சரிசெய்வது என்று முடிவானது. பசை ஒட்டிப் பார்த்தோம். விரலால் அழுத்தியதும் மறுபடி பிளந்தது. அம்மா ஃபோனில் வீடியோ தேடினாள். பிளாஸ்டிக்கை உருக்கித்தான் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கிற துண்டும் அதே வகையாக இருக்க வேண்டுமாம். பேனலைக் கழற்றிப் பார்த்தபோது உள்பக்கம் 'பி.பி.' என்று பிளாஸ்டிக்கின் வகை பொடி எழுத்தில் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்தது. சோப்புப் பெட்டி, மாவு டப்பா, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்து எழுத்துத் தேடினேன். கோழி என்னைக் கொத்த வந்தது. அம்மாவோ அவசரப்பட்டு எழுத்தே இல்லாத ஒரு வாளித் துண்டை உருக்கி வைத்துப் பார்த்தாள். ஆறியதும் அது பாலாடை போல உரிந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில்தான் கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஊரெல்லாம் போய்வருகிற சிவப்பு நாற்காலிகள். அடியில் அதே பி.பி. கால் ஒடிந்த ஒன்று சபைக்குப் பின்னால் கிடந்தது. மணி அடிக்கும் கோயில்குட்டித் தாத்தாவிடம் கேட்டோம்.

"ஒடிஞ்ச நாற்காலி எதுக்கு டீச்சரே?"

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில என்னமோ செய்யணுமாம்" என்றாள் அம்மா. பொய்தான். நல்லவேளை, ஆராதனை முடிந்திருந்தது.

பெட்ரோல் வண்டிப் பக்கம் சூடே கூடாது என்று பேனலை மட்டும் கிணற்றடிக்குக் கொண்டுவந்தாள். கடல்காற்று முதுகில் அடிக்கும்படி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்க பின்னால நில்லு. முன்னால வராத மக்கா, பொகை விஷமாக்கும்."

கீறல் முடிகிற இடத்தில் முதலில் சின்னதாக ஒரு துளை போட்டாள். துளை இருந்தால் கீறல் அதற்கு மேல் ஓடாதாம். ஓட்டையே ஓட்டத்தை எப்படி நிறுத்தும் என்று நான் வெகுநாள் யோசித்தேன். பிறகு அப்பாவின் பழைய சால்டரிங் அயனால், உள்பக்கமாகக் கீறலின் இரு ஓரங்களையும் உருக்கி, நாற்காலியிலிருந்து வெட்டிய கீற்றுகளை அதில் கலந்தாள். ஆறியது. உரியவில்லை. வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் மயிரிழை போல ஒரு கோடுதான் மிச்சம்.

அப்பா வந்த மறுநாளே வண்டியைக் கழுவித் துடைத்தார். துணி முன் பேனலுக்கு வந்தபோது நான் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் வச்சிருக்கா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் அம்மா வண்டியைத் தொடவில்லை. "நீங்க இருக்கும்பம் நான் எதுக்கு ஓட்டணும்?" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா உச்சி குளிர்ந்து எங்களைக் கொண்டுவிட்டார். அவர் மஸ்கட்டுக்குப் போன பிறகும் நாங்கள் நடந்தே பள்ளிக்குப் போனோம்.

"ஒட்டு இன்னும் பிடிக்கல்ல மக்கா, கொஞ்ச நாள் இரிக்கட்டு."

நான் தினமும் அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. இதற்கு மேல் என்ன பிடிக்க வேண்டும்?

ஒருநாள் காலையில் அம்மா வண்டியை வெளியே உருட்டினாள். கால்வாய்க்கரை வளைவு வந்ததும் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி ஆமை வேகத்தில் ஓட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பேனல் நல்லா பிடிச்சாச்சும்மா. காலைத் தூக்கும்மா."

"பேசாம பிடிச்சிட்டு இரி."

அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகில் கன்னத்தை வைத்தேன். டக் டக்கென்று வேகமாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. பேனலைத் திரும்ப மாட்டியபோது எதையோ சரியாக முடுக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது. சாயங்காலம் வீடு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வண்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.