பதினான்கு வகை ‘ம்’

வானொலி நிலையத்தில் எல்லோரும் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர். பிளேடு போய்க் கணினி வந்து இருபது வருடமாகிறது. பிளேடுக்கு ஓய்வு கிடைத்தது. பெயருக்கும் கிடைக்கவில்லை, ஆளுக்கும் கிடைக்கவில்லை.

அவர் வேலை வார இறுதி நேர்காணல். அறிவாளிகளுக்குச் சனி ஞாயிறுதான் ஒழியும் என்பதால் காலையில் வந்து பேசுவார்கள். கத்திரி மத்தியானம் முழுக்க வெட்டுவார். மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்பு. சனிக்கிழமை விண்கல் ஆராய்ச்சியாளர் என்றால் ஞாயிற்றுக்கிழமை நாடகக்காரர். அடுத்த வாரம் முன்னாள் அமைச்சர், அதற்கடுத்து பழைய பாலங்களைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர். ஒவ்வொருவரும் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கத்திரி மூன்று தடவையாவது கேட்டிருக்கிறார். சொன்னவர்களே அத்தனை தடவை கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே விண்கல் முதல் பாலம் வரை அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: சனிக்கிழமை மத்தியானம் வெளியே வெயில் எப்படி அடிக்கும் என்பது.

பேட்டி எடுப்பவருக்குக் குரல் என்று பெயர். அந்தக் குரலைக் கேட்டால் கடன்காரன்கூட உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். கெட்ட மனுஷர் இல்லை. ஒரே குறை, அவருக்குக் கேட்கத் தெரியாது. கேள்வி கேட்பார், பதிலைக் கேட்க மாட்டார். அடுத்த கேள்வி மறந்துவிடுமோ என்ற பயத்தில், விருந்தாளி பேசுகிற நேரமெல்லாம் அட்டையைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர், சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கிவிடுவார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், அப்படி இறங்கிப்போன ஒரு பேட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது, வேறொரு வாரம் குரல் தொண்டையைச் சரிசெய்துகொண்டபோது வந்த ஒரு ‘ம்’மை எடுத்து கத்திரி நடுவில் ஒட்டிப் பார்த்தார். பேட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். இன்றைக்குப் பதினான்கு ‘ம்’ இருக்கின்றன, கணினியில் பதினான்கு விசைகளில். முதல் நம்பர், சொல்லுங்கள். மூன்றாம் நம்பர், எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் சொல்லுங்கள். ஐந்து, அப்படியா, ஆச்சரியம். ஏழு, ஐயோ பாவம். பதினான்கு, இதைப் பற்றி இனி பேச வேண்டாம். நேயர்களிடமிருந்து கடிதம் வந்தது: ‘எவ்வளவு பொறுமையாகக் காது கொடுக்கிறார்!’ போன வருடம் குரலுக்குச் சிறந்த செவிச்செல்வர் என்று ஒரு கேடயமே கொடுத்தார்கள். கேடயத்தை வாங்கியபோது குரலின் கண் கலங்கியது. தனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது அவருக்கே புதிய செய்தி.

இந்த ரகசியம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கத்திரி, நிலைய இயக்குநர் அம்மா, கத்திரியின் மனைவி.

மனைவி கணக்கு டீச்சர். பதினொரு மாதத்துக்கு முன்னால் பதவி உயர்வு கொடுத்து நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் போட்டார்கள். அவளுக்கு விடுமுறை சனி, ஞாயிறு. இவருக்கு விடுமுறை செவ்வாய், புதன். இந்தப் பதினொரு மாதத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது ஒன்பது நாள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்ணி வைத்திருந்தாள். மற்றபடி எல்லாம் போனில்தான். அதிலும் ஒரு சங்கடம்.

“ஓனர் தண்ணி மோட்டார ரிப்பேர் பண்ணவே மாட்டேங்கறார்.”

“ம்.”

“இது எந்த நம்பர்?”

“நம்பரெல்லாம் இல்லம்மா. சொந்த ம்.”

“உங்க சொந்த ம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு.”

வார நாட்களில் வேலை பார்க்கிற இசை நூலகத்துக்கு மாற்றம் கேட்டு கத்திரி மூன்று தடவை விண்ணப்பித்தார். அங்கே போனால் சனி, ஞாயிறு விடுமுறை. இயக்குநர் அம்மா மூன்று தடவையும் அன்பாகத்தான் பேசினார்.

“நீங்க செய்யறது சின்ன வேலைன்னா, இதுல என்ன கஷ்டம்னு மாத்தம் கேக்கறீங்க? பெரிய வேலைன்னா, உங்கள எப்படி நான் விட முடியும்?”

கத்திரி மூன்று தடவையும் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தத்துவப் பேராசிரியர்கள் நாலு பேரை வெட்டி ஒட்டியிருக்கிறார். அவர்களில் யாரும் இந்தக் கேள்வியைத் தொட்டதாக நினைவில்லை.

இப்படியிருக்கும்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனி வார இறுதி நேர்காணல் காலை பத்து மணிக்கு, நேரடி ஒலிபரப்பு. குரல் வெளிறிப்போனார். கத்திரிக்கோ தலைகால் புரியவில்லை. நேரடி என்றால் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. வெட்டுவதற்கு இல்லையென்றால் கத்திரி எதற்கு? ஓடிப்போய் இயக்குநர் அம்மா முன்னால் நின்றார்.

“முதல் சனிக்கிழமை ஒழுங்கா போகட்டும். திங்கக்கிழமை உங்க மாத்தத்துல கையெழுத்து போடறேன். ஞாயித்துக்கிழமைக்கு வேற டெக்னீஷியன உக்கார வெச்சுக்கறேன், போதுமா?” என்றார் அவர்.

கத்திரி அன்றே மனைவிக்குப் போன் செய்தார். சனிக்கிழமை பன்னிரண்டு மணி பஸ். நாலு மணிக்கு அங்கே இருப்பேன்.

“நெஜமாவா? இருங்க, இங்க ஒரே ஒரு தலையணைதான் இருக்கு. இன்னொண்ணு வாங்கணும்” என்றாள். அவள் சிரித்ததைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று கத்திரி நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. பையைக் கட்டுப்பாட்டு அறை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு கத்திரி உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரலும், அன்றைய விருந்தாளியும். ஏரிகளின் அடியில் இருக்கும் சேற்றை ஒன்பது வருடமாக ஆராயும் விஞ்ஞானி அந்த அம்மாள். இருவர் காதிலும் ஹெட்போன். சிவப்பு விளக்கு எரிந்தது.

“சேறு என்றால் நமக்கு அழுக்கு. உங்களுக்கு?” என்று குரல் தொடங்கினார். அட்டையில் இருந்ததுதான், ஆனாலும் அந்தக் குரலில் அது பிரமாதமாக இருந்தது.

அம்மாள் உற்சாகமாக ஆரம்பித்தார். ஒவ்வொரு வருடமும் ஏரியின் அடியில் ஒரு மெல்லிய படலம் படியும். அதை எண்ணினால் மழை பொய்த்த வருடம் எது, காடு எரிந்த வருடம் எது என்று சொல்லிவிடலாம். குரல் அட்டையைக் குனிந்து பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். “அதாவது... அவ்வளவுதான்” என்று நிறுத்திக்கொண்டார்.

குரல் நிமிரவில்லை. ஒரு வினாடி. இரண்டு வினாடி. வானொலியில் மூன்று வினாடி மௌனம் என்பது வீட்டில் மூன்று நாள் பேசாமல் இருப்பதற்குச் சமம்.

கத்திரி என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகவே இருந்தது: ஒன்றும் செய்யக் கூடாது. ஆனால் ஒன்றும் செய்யாவிட்டால் நிகழ்ச்சி படுத்துவிடும். படுத்தால் திங்கட்கிழமை பழையபடி ஒலிப்பதிவு, பழையபடி கத்திரி. செய்தாலோ, நேரடி ஒலிபரப்புக்கும் அவர் வேண்டும் என்று ஆகிவிடும். இதையெல்லாம் அவர் யோசித்தது பிற்பாடுதான். அந்த வினாடியில் அவர் பார்த்தது அந்த அம்மாளின் முகத்தை மட்டுமே. ஒன்பது வருடம் சேற்றில் நின்றவர் முகம்.

விரல் முதல் நம்பரை அழுத்திவிட்டது.

“ம்.”

அம்மாள் நிமிர்ந்தார். “இல்ல, அதுல பாருங்க...” என்று மறுபடி பிடித்துக்கொண்டார். குரலும் தன் ‘ம்’மைத் தன் ஹெட்போனில் கேட்டுத் திடுக்கிட்டு, பிறகு தான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து தலையை ஆட்டினார். அதற்கப்புறம் விரல் நிற்கவில்லை. ஒன்று, ஐந்து, ஒன்று, நடுவில் ஒரு தடவை நம்பிக்கையில்லாத மூன்று. அம்மாள் சரளமாகப் பொழிந்தார். ஒரே ஓர் இடத்தில் சறுக்கியது. “அந்த ஏரிக்கரையிலதான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்” என்று அவர் சொன்னபோது, கைபிசகி ஏழாம் நம்பர் போய்விட்டது. ஐயோ பாவம்.

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். “எப்படி சார் சரியா கண்டுபிடிச்சீங்க!” பிறகு தன் கல்யாணக் கதையை, சேற்றில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையோடு, ஐந்து நிமிடம் சொன்னார். நிலையத்தின் தொலைபேசிகள் எல்லாம் அடித்தன.

பதினொரு மணிக்கு விளக்கு அணைந்தது. “இன்னிக்கு நல்லா கேட்டேன் இல்ல?” என்று குரல் எல்லோரையும் கேட்டுக்கொண்டே போனார். இயக்குநர் அம்மா கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“பிரமாதம். நாளைக்கும் நீங்கதான் உக்காரணும். இத வேற யார நம்பி குடுக்கறது, சொல்லுங்க?”

“அம்மா, பஸ்...”

“அடுத்த மாசம் பேசுவோம்.” சொல்லும்போதே கால் இடறி, மேசைக்குக் கீழே இருந்த பையை இன்னும் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

“கல்யாணத்துக்கு ஏழாம் நம்பர் போட்டது நீங்கதானே?” என்றாள் மனைவி.

“கை தவறிடுச்சு.”

“அத சொல்லல. முதல் ம் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. கேக்காதவர் வாயிலேர்ந்து ம் எங்கேர்ந்து வரும்? தலையணைக் கவர பிரிக்கப் போனேன், அப்படியே வெச்சுட்டேன்.”

“அந்த அம்மா பாவமா முழிச்சாங்க. என்னால சும்மா இருக்க முடியல.”

“அந்த அம்மாவுக்கு மூணு வினாடி. அதுக்கே உங்களுக்குத் தாங்கல. எனக்கு பதினோரு மாசம்.”

கண்ணாடிக்கு அப்பால் நாளைய விருந்தாளிக்காக நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசியல்வாதி, அகலமான நாற்காலி. கடிகாரத்தின் பெரிய முள் நகர்ந்ததைக் கத்திரி பார்த்தார். பஸ் இப்போது கிளம்பியிருக்கும்.

“அடுத்த மாசம் கண்டிப்பா மாத்தம் வாங்கிடறேன்மா. இயக்குநர் அம்மாவே பேசலாம்னு சொல்லியிருக்காங்க.”

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பழக்கதோஷத்தில் கத்திரி வினாடியை எண்ணினார்.

“ம்” என்றாள்.

இத்தனை வருட அனுபவத்தில் அவருக்கு இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நம்பர்.