ஏரிக்கரை வழியாகக் கோவளத்துக்கு

கத்திரி வெயில் முடிந்த மறு ஞாயிறு அது. தேதிகளைக் குறித்து வைப்பது என் பழக்கம். எங்கள் செம்பாக்கம் தெருவுக்கு முதன்முதலாகத் தார் போட்ட நாள்கூட என்னிடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். சிறுசேரியில் வேலை பார்க்கும் என் தம்பி, அவளைக் கூரை திறக்கும் காரில் கோவளம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ வந்தா அது டிரிப் இல்லக்கா, ஆடிட்டு. சரி, வா. ரூட் நீதான் பாத்து சொல்லணும். நல்லா சீனரியா இருக்கணும்."

அந்த வாரம் முழுக்க வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துப் புகை நேராக முகத்தில் அடிக்கும். வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மலையும் காடும் அழகுதான். ஆனால் அங்கே ஜல்லி லாரிகள் தார்ப்பாய் போடாமல் ஓடும். குழியில் ஏறி இறங்கும்போது ஒரு கல் தெறித்தால், தடுக்க எங்களுக்குக் கூரை இருக்காது. பாலங்களையும் ஒதுக்கினேன். மேலிருந்து யாராவது எதையாவது போட்டுவிட்டால்? கடைசியில் ஏரிகள்தான் மிஞ்சின. வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், தாழம்பூர், அங்கிருந்து சிறுசேரி, கோவளம். தண்ணீர், காற்று, பரந்த வெளி. பயப்பட அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

காலையில் வாசலில் கார் வந்து நின்றது. தம்பி ஒரு பொத்தானை அழுத்தியதும் கூரை நிதானமாக மடிந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டது. தலைக்கு மேல் ஒரு தகரமாவது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடம் கார்களில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மகளோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முதல் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் எங்களை எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, மேல் மாடிய வித்துட்டியா?"

"ஆமாண்ணா, நல்ல வெல வந்துது" என்றான் தம்பி.

"மழ வந்தா பேஜாராயிடும், பாத்துக்க!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கை மட்டும் அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

வேங்கைவாசல் ஏரியை நெருங்கும்போது வானத்தில் காற்றாடிகள் தெரிந்தன. சிவப்பு, ஊதா, வால் வைத்தது, வைக்காதது. கோடை விடுமுறை, ஞாயிறு, ஏரிக்காற்று. வேறெங்கே பறக்கும்?

"சூப்பர் ரூட்டும்மா! மாமா, ஸ்லோவா போங்க, வீடியோ எடுக்கறேன்" என்று மகள் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டின் மேலேயே ஏறி நின்றாள். போனை உயரத் தூக்கினாள்.

அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. மாஞ்சா. கண்ணாடித்தூள் ஏற்றிய நூல். அதில் கழுத்தறுபட்டவர்களைப் பற்றிய செய்திகளை எத்தனையோ முறை நாளிதழில் படித்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். அதனால் காரைப் பற்றி யோசிக்கும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இப்போது என் மகள், எந்த மறைப்பும் இல்லாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"உக்காருடி!"

"ஒரு நிமிஷம்மா."

"டீலு! டீலு!" என்று கரையிலிருந்து சத்தம் வந்தது. காற்றாடிச் சண்டையில் ஒன்று அறுந்துவிட்டது. மீசை வைத்த ஆண்கள் மூன்று நான்கு பேர், முகத்தை வானத்துக்குத் திருப்பியபடி, சாலையின் குறுக்கே ஓடினார்கள். நான் நூலைப் பார்க்கவில்லை. அவர்கள் கைகள் காற்றில் எதையோ துழாவியதைத்தான் பார்த்தேன். மகளின் இடுப்பைக் கட்டி, என் மடியில் சாய்த்து, அவள் தலைமேல் கையை வைத்து அழுத்தினேன்.

முன்கண்ணாடியில் எதுவோ உரசி மேலேறியது. 'சர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தம்பி தலையைத் தாழ்த்தி பிரேக்கை மிதித்தான். என் முன்கையில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. பார்த்தேன், பென்சிலால் கோடு போட்டதுபோல இருந்தது. பிறகு அந்தக் கோடு சிவந்தது.

"கூரைய மூடுடா!"

பொத்தானை அழுத்தினான். திறந்தபோது நிதானமாகத் தெரிந்த கூரை, இப்போது யுகமாக வந்தது. பின்பக்கத்திலிருந்து எழுந்து, தயங்கி, மடிப்பு மடிப்பாக விரிந்தது. நாங்கள் மூவரும் கால்களுக்கிடையே தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தோம். மேலே காற்றாடிகள் பறந்துகொண்டேதான் இருந்தன.

ஓடியவர்களில் ஒருவன் கண்ணாடிப் பக்கம் குனிந்தான். "அக்கா, பாப்பாக்கு ஒண்ணும் இல்லியே?"

"கழுத்து போயிருக்கும்யா! இது மாஞ்சாதானே?" என்று தம்பி கத்தினான்.

"ஐயோ, சாதா நூலுண்ணா" என்றான் அவன். நூலைச் சுற்றியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "நீ இன்னாத்துக்குத் தொறந்துகினு வர?"

அதற்குள் அவன் கூட்டாளிகள் கரையிறங்கி மறைந்துவிட்டார்கள். அவனும் ஓடினான். கூரை 'டக்' என்று பூட்டிக்கொண்டது. என் மகள் இரண்டு கைகளாலும் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கைக்குட்டையால் என் கையைக் கட்டிக்கொண்டு கோவளம் போனோம். கடலைக் காருக்குள் இருந்தே பார்த்தோம். மணலில் இரண்டு பேர் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது தம்பி மெதுவாகக் கேட்டான். "அக்கா, எந்த ரூட்டு?"

"பஸ் போற ரோடு."

பழைய மகாபலிபுரம் சாலையில், மெட்ரோவுக்காக எழுப்பும் தூண்களுக்கிடையே, புழுதியில் ஒரு பேருந்தின் பின்னாலேயே வந்தோம். கூரை மூடித்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே என் கண் எதையோ தேடியது.

மகள் போனைத் திறந்தாள். அவள் என் மடியில் விழுந்தபோதும் அது படம் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஏரி, காற்றாடிகள், என் கத்தல், பிறகு சாய்ந்த வானம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எங்கம்மா இருந்துச்சு அது?"

நானும் குனிந்து பார்த்தேன். நீலமாக வானம்தான் இருந்தது. நூல் எங்குமே தெரியவில்லை.